வேலையை விடலாமா?

மல்லிகா என்று ஒரு பெண் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். சொந்த ஊர் தருமபுரிப் பக்கம். பெங்களூரில் பொம்மனஹள்ளியில் குடியிருக்கிறாள். வயது 31. கணவர் முருகேசன் பெயின்ட் அடிக்கும் வேலை செய்கிறார். மகள் கவிதா ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள்.

பொம்மனஹள்ளியைச் சுற்றி நிறைய கார்மென்ட்ஸ் கம்பெனிகள் உண்டு. காலையில் ஓசூர் ரோட்டில் நின்று பார்த்தால் தெரியும். கழுத்தில் அடையாள அட்டை. கையில் சாப்பாட்டுப் பை. கூட்டம் கூட்டமாகப் பெண்கள் வேகமாக நடந்து போவார்கள். கன்னடம் கேட்கும். தமிழ் கேட்கும். தெலுங்கும் கேட்கும். அந்தக் கூட்டத்தில் மல்லிகாவும் ஒருத்தி.

அவள் காலர் தைக்கும் டெய்லர். 2021-ஆம் ஆண்டு ஜனவரி 11-ஆம் தேதி வேலைக்குச் சேர்ந்தாள். அன்று முதல் காலர்தான். ஒரு மணி நேரத்துக்கு இத்தனை காலர் என்று கணக்கு. கணக்குக் குறைந்தால் சூப்பர்வைசர் வந்து நிற்பார். கொஞ்சம் சத்தம் போடுவார். மல்லிகாவுக்கு அது பழகிவிட்டது.

2025-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் வந்தது. அப்போதுதான் அவளுக்கு இந்தக் கேள்வி வந்தது. வேலையை விடலாமா?

ஏன் இந்தக் கேள்வி வந்தது?

மல்லிகாவின் கம்பெனியில் தைக்கும் சட்டைகள் அமெரிக்காவுக்குப் போகின்றன. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் பலவற்றுக்கு 50 விழுக்காடு வரி போட்டது. அதாவது 100 ரூபாய்ச் சட்டைக்கு 50 ரூபாய் வரி. சட்டை வாங்குகிற அமெரிக்கக் கம்பெனிகள் யோசித்தன. ஆர்டரைக் குறைத்தன. சில ஆர்டர்களைத் தள்ளி வைத்தன.

அது எங்கோ கடல் தாண்டி நடந்த விஷயம். ஆனால் பொம்மனஹள்ளியில் அதன் சத்தம் கேட்டது. ஓவர்டைம் நின்றது. மல்லிகாவின் கம்பெனியில் ஒரு லைனை மூடினார்கள். அந்த லைனில் இருந்த பெண்களை மற்ற லைன்களில் போட்டார்கள். "அடுத்த மாதம் நம்மையும் அனுப்பிவிடுவார்கள்" என்று சாப்பாட்டு நேரத்தில் பேசிக்கொண்டார்கள். யாருக்கும் சரியாகத் தெரியாது. தெரியாததுதான் பயமாக இருந்தது.

அந்த வாரம் பக்கத்து வீட்டுத் தேவி வந்தாள்.

"அக்கா, நான் வேலை செய்யற யூனிட்டுல ஆள் கேக்கறாங்க. மாசம் 15,000. அப்படியே கையில தராங்க. ஒரு பைசா பிடிக்க மாட்டாங்க."

மல்லிகாவுக்குக் கையில் வருவது 11,342 ரூபாய். 15,000 எங்கே, 11,342 எங்கே? அன்று இரவு அவளுக்குத் தூக்கம் வரவில்லை. வீட்டு வாடகை இருக்கிறது. குழுக் கடன் தவணை வாரா வாரம் கட்ட வேண்டும். கவிதாவின் பள்ளிக் கட்டணத்தில் பாதி இன்னும் பாக்கி.

முருகேசன் சொன்னார்: "போயிடு மல்லிகா. இந்தக் கம்பெனி இனி எத்தனை நாளோ? வெள்ளம் வரும் முன்னே அணை போடணும்."

தைக்கும் லைனுக்கு அந்தப் பக்கம் செக்கிங் பிரிவில் சரோஜா இருக்கிறார். எல்லோருக்கும் அவர் சரோஜாக்கா. இருபது வருடத்துக்கு மேல் கார்மென்ட்ஸில் வேலை பார்த்தவர். சங்கத்திலும் இருக்கிறார். அவர் சொன்னார்: "இருக்கிறதை விட்டுட்டுப் பறக்கிறதைப் பிடிக்கப் போறியா?"

இரண்டு பேரும் பழமொழி சொன்னார்கள். இரண்டும் நல்ல பழமொழிதான். ஆனால் எந்த நேரத்துக்கு எது பொருந்தும் என்று பழமொழி சொல்லாது. அதற்குக் கணக்குப் போட வேண்டும்.

சம்பளச் சீட்டைப் படிப்போம்

மல்லிகா சிறு வயதில் இரண்டாம் வகுப்போடு நின்றவள். பிறகு தெருவில் நடந்த மாலை வகுப்பில் தமிழ் படிக்கக் கற்றாள். கன்னடம் பேசுவாள். ஆனால் கன்னட எழுத்து தெரியாது. இங்கிலீஷும் தெரியாது. சம்பளச் சீட்டு இங்கிலீஷில் இருக்கும். அதனால் அவள் அதைப் படித்ததே இல்லை. மடித்துப் பெட்டியில் வைத்துவிடுவாள்.

"எழுத்து தெரியாட்டி என்ன? எண் தெரியும் இல்ல?" என்றார் சரோஜாக்கா. ஞாயிற்றுக்கிழமை மல்லிகாவின் வீட்டுக்கே வந்துவிட்டார். இருவரும் சீட்டை விரித்து உட்கார்ந்தார்கள்.

மேலே 13,000 என்று இருந்தது. அதுதான் மல்லிகாவின் சம்பளம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்தது.

அதற்குக் கீழே 1,560. அது பி.எப். தமிழில் வருங்கால வைப்பு நிதி என்று சொல்வார்கள். 100 ரூபாய்க்கு 12 ரூபாய் வீதம் பிடிக்கிறார்கள்.

அதற்குக் கீழே 98. அது ஈ.எஸ்.ஐ. 100 ரூபாய்க்கு முக்கால் ரூபாய்தான்.

13,000-லிருந்து இரண்டையும் கழித்தால் 11,342.

"பாருங்கக்கா, 1,658 ரூபாயைப் பிடிச்சுக்கறாங்க" என்றாள் மல்லிகா.

"பிடிக்கறது யாருக்கு? உனக்குத்தான். இந்தச் சீட்டில் இல்லாத கணக்கு ஒண்ணு இருக்கு. அதையும் கேள்" என்றார் சரோஜாக்கா.

மல்லிகா 1,560 ரூபாய் கட்டினால் கம்பெனியும் 1,560 ரூபாய் கட்ட வேண்டும். அது சட்டம். கம்பெனி கட்டுவதில் 1,083 ரூபாய் மல்லிகாவின் ஓய்வூதியக் கணக்குக்குப் போகும். மீதி 477 ரூபாய் அவளுடைய பி.எப். கணக்கில் சேரும். மொத்தம் பத்து வருடம் இப்படிக் கட்டியிருந்தால் 58 வயதில் மாதா மாதம் ஓய்வூதியம் உண்டு. பத்து வருடமும் ஒரே கம்பெனியில் இருக்க வேண்டியதில்லை. ஒரே பி.எப். எண்ணில் தொடர்ந்தால் போதும். அந்த எண்ணுக்கு யு.ஏ.என். என்று பெயர். 12 இலக்கம் உள்ள எண். கம்பெனி மாறினாலும் எண் மாறாது.

ஈ.எஸ்.ஐ.க்கு மல்லிகா தருவது 98 ரூபாய். கம்பெனி தருவது 423 ரூபாய். மல்லிகாவுக்கும் குடும்பத்துக்கும் மருத்துவம் இலவசம். நோய் வந்து வேலைக்குப் போக முடியாவிட்டால், வருடத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 விழுக்காடு கிடைக்கும். குழந்தை பிறந்தால் 26 வாரம் சம்பளம் உண்டு. தேவையான நாள் கட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான். சரோஜாக்காவின் கணவருக்கு ராஜாஜிநகர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. "வெளியே பண்ணியிருந்தா என் தாலியும் போயிருக்கும்" என்பார் அவர். வரிசையில் நின்று நின்று கால் வலித்ததையும் சொல்லுவார். அதுவும் உண்மைதான்.

அடுத்து போனஸ். வருடச் சம்பளத்தில் குறைந்தது 8.33 விழுக்காடு தர வேண்டும். மல்லிகாவுக்கு அது சுமார் 13,000 ரூபாய். மாதத்துக்குப் பிரித்தால் 1,083 ரூபாய்.

கடைசியாகச் சரோஜாக்கா கேட்டார்: "நீ எப்போ சேர்ந்தே?"

"2021 பொங்கலுக்கு மூணு நாள் முன்னாடி."

சரோஜாக்கா விரல் விட்டு எண்ணினார். "அப்போ இன்னும் நாலு மாசம் இருக்கு. அதுக்குள்ள போகாதே."

ஐந்து வருடம் ஆனால் என்ன?

ஐந்து வருடம் தொடர்ந்து வேலை செய்தவருக்குப் பணிக்கொடை உண்டு. கிராஜுவிட்டி என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் இந்த உரிமையைக் கொடுத்தது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாகச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துள்ளது. நிரந்தரத் தொழிலாளிக்கு ஐந்து வருடம் என்ற விதி அதிலும் இருக்கிறது. இத்தனை காலம் என்று ஒப்பந்தம் எழுதி வேலைக்கு எடுத்தவருக்கு மட்டும் ஒரு வருடமே போதும் என்று ஆகியிருக்கிறது.

எவ்வளவு கிடைக்கும்? கணக்கு எளிது. மாதச் சம்பளத்தை 26 நாளால் வகுக்க வேண்டும். அது ஒரு நாள் கூலி. அதை 15 நாளால் பெருக்க வேண்டும். பிறகு எத்தனை வருடமோ அதனால் பெருக்க வேண்டும்.

மல்லிகா நோட்டுப் புத்தகத்தில் போட்டாள்.

13,000-ஐ 26-ஆல் வகுத்தால் 500.
500-ஐ 15-ஆல் பெருக்கினால் 7,500.
7,500-ஐ 5-ஆல் பெருக்கினால் 37,500.

அவள் மறுபடியும் போட்டாள். அதே 37,500 வந்தது.

"நாலு வருஷம் எட்டு மாசம் ஆச்சே. நாலு வருஷத்துக்காவது தர மாட்டாங்களா?"

"தர மாட்டாங்க. நாலு வருஷத்துக்கு மேல 240 நாள் வேலை செஞ்சா போதும்னு சில வழக்கில் தீர்ப்பு வந்திருக்கு. ஆனா அதுக்குக் கோர்ட்டு வரை போகணும். ஐந்து முடிச்சுட்டா பேச்சே இல்லை" என்றார் சரோஜாக்கா.

(வேலையில் இருக்கும்போது தொழிலாளி இறந்துவிட்டாலோ, விபத்தில் ஊனமாகிவிட்டாலோ ஐந்து வருடக் கணக்குப் பார்ப்பதில்லை. குடும்பத்துக்கோ அவருக்கோ பணிக்கொடை தர வேண்டும்.)

இப்போது எல்லாவற்றையும் கூட்டிப் பார்ப்போம். மல்லிகாவின் பி.எப். 1,560. கம்பெனியின் பங்கு 1,560. போனஸ் 1,083. பணிக்கொடையை மாதத்துக்குப் பிரித்தால் 625. மொத்தம் 4,828 ரூபாய். கையில் வரும் 11,342-உடன் இதைச் சேர்த்தால் 16,170 ரூபாய். தேவி சொன்ன யூனிட்டில் 15,000. ஈ.எஸ்.ஐ.யை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

முருகேசன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். "கணக்கு சரிதான். ஆனா அந்தப் பணத்தை வச்சு இந்த மாசம் வாடகை கட்ட முடியுமா?" என்று கேட்டார்.

அதற்குச் சரோஜாக்காவிடம் பதில் இல்லை. பி.எப். பணம் நம்முடையதுதான். ஆனால் இன்று சாயங்காலம் அரிசிக் கடையில் அது செல்லாது. பணத்துக்கு மிகவும் நெருக்கடியான வீட்டில் 3,658 ரூபாய் கூடுதலாக வருவது சின்ன விஷயம் இல்லை. இதை மறந்துவிட்டு "பொறுமையாக இரு" என்று யாருக்கும் சொல்லக் கூடாது. மல்லிகா குழுத் தலைவியிடம் பேசினாள். பள்ளிக்குப் போய் மீதிக் கட்டணத்தை மூன்று தவணையாகக் கட்ட அனுமதி கேட்டாள். பள்ளியில் சரி என்றார்கள். குழுவில் ஒத்துக்கொள்ளவில்லை.

முருகேசனுக்கும் சரோஜாக்கா ஒரு செய்தி சொன்னார். பெயின்ட் அடிப்பவர்களும் கட்டுமானத் தொழிலாளர்கள்தான். ஒரு வருடத்தில் 90 நாள் வேலை செய்திருந்தால் நல வாரியத்தில் பதிவு செய்யலாம். முருகேசன் பதினைந்து வருடமாகப் பெயின்ட் அடிக்கிறார். இது அவருக்குத் தெரியாது.

பி.எப். பணத்துக்காக நடந்தது

பி.எப். என்றால் பெங்களூர்க் கார்மென்ட்ஸ் பெண்களுக்கு ஒரு பழைய கதை உண்டு. 2016 பிப்ரவரியில் மத்திய அரசு ஒரு விதி கொண்டு வந்தது. வேலையை விட்டாலும் கம்பெனி கட்டிய பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்றது. கார்மென்ட்ஸ் பெண்கள் பலருக்கு பி.எப்.தான் ஒரே சேமிப்பு. மகள் கல்யாணம், வீட்டு ஓடு, கடன் எல்லாம் அதில்தான். 58 வயது வரை யார் மிஷினில் உட்கார முடியும்?

ஏப்ரல் 18-ஆம் தேதி பெண்கள் கம்பெனியை விட்டு ரோட்டுக்கு வந்தார்கள். மறுநாள் இன்னும் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். ஓசூர் ரோடு நின்றது. தும்கூர் ரோடும் நின்றது. போலீஸ் தடியடி நடந்தது. பஸ்கள் எரிந்தன. ஏப்ரல் 19-ஆம் தேதியே அரசு அந்த விதியைத் திரும்பப் பெற்றது. சரோஜாக்காவும் அன்று ரோட்டில் நின்றார். பி.எப். எடுக்கும் விதிகள் அதன் பிறகும் பல முறை மாறியிருக்கின்றன. ஆகவே எடுக்கும் முன் பி.எப். அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது பி.எப். உள்ளவர்களுக்கு அதிலிருந்து முன்பணம் எடுக்க அனுமதி கிடைத்தது. மூன்று மாதச் சம்பளம் அல்லது கணக்கில் உள்ளதில் முக்கால் பங்கு, இதில் எது குறைவோ அது. சரோஜாக்கா அதை எடுத்துத்தான் அந்தக் கோடையைத் தள்ளினார். சின்ன யூனிட்டுகளில் இருந்தவர்களுக்கு எடுப்பதற்குக் கணக்கே இல்லை.

கம்பெனி உண்மையாகவே பி.எப். கட்டுகிறதா? சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுகிறவர்களும் உண்டு. பார்ப்பதற்கு வழி இருக்கிறது. யு.ஏ.என். எண்ணோடு பதிவு செய்த போனிலிருந்து 9966044425 என்ற எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று செய்தி வரும். காசு செலவில்லை. மல்லிகா கொடுத்துப் பார்த்தாள். கடைசி மாதம் வரை கட்டியிருந்தார்கள். சம்பளமும் தேதி தவறாமல் வருகிறது. இவை இரண்டும் நல்ல அடையாளம். கம்பெனி தள்ளாடினால் முதலில் இந்த இரண்டும்தான் தடுமாறும். சாப்பாட்டு நேரத்துப் பேச்சை விட இதை நம்பலாம்.

யூனிட்டை நேரில் பார்த்தாள்

மல்லிகா அடுத்த ஞாயிறு தேவியோடு போய் யூனிட்டைப் பார்த்தாள். ஒரு சந்துக்குள் மாடி. 14 மிஷின்கள். ஏறி இறங்க ஒரே ஒரு படி. வாசல் ஓரம் துணி மூட்டைகள். முதலாளி நல்ல மனிதர்தான். டீ வாங்கிக் கொடுத்தார்.

"எந்தக் கம்பெனி துணிண்ணா இது?" என்று மல்லிகா கேட்டாள்.

"பெரிய கம்பெனிங்க கொடுக்கற ஜாப் வொர்க் அம்மா. அவங்களால முடியாததை நமக்குத் தருவாங்க. ஏப்ரல், மே வந்தா ஸ்கூல் யூனிபாரம் வரும்."

"வேலை இல்லாத நாளுக்குச் சம்பளம் உண்டாண்ணா?"

முதலாளி சிரித்தார். "வேலை இருந்தாத்தானே அம்மா நானே சாப்பிட முடியும்?"

மல்லிகாவுக்குப் புரிந்தது. பெரிய கம்பெனிக்கு ஆர்டர் குறைந்தால் என்ன செய்வார்கள்? முதலில் வெளியே கொடுக்கிற வேலையைத்தான் நிறுத்துவார்கள். அமெரிக்காவில் வரி போட்டால் ஓசூர் ரோட்டுக் கம்பெனிக்குக் காய்ச்சல் வரும். சந்துக்குள் இருக்கும் யூனிட்டுக்கு மூச்சே நின்றுவிடும். எதைக் கண்டு பயந்து இங்கே வர நினைத்தாளோ, அது இங்கே இன்னும் பக்கத்தில் இருந்தது.

இன்னொன்றும் அன்றுதான் தெரிந்தது. முதலாளி ஒரு துணியைக் கொடுத்து "முழுச் சட்டை தைத்துக் காட்டு" என்றார். மல்லிகாவால் முடியவில்லை. நாலே முக்கால் வருடம் காலர் மட்டும் தைத்தவள். கை தைப்பதில் தேவியை விட வேகம். ஆனால் கைப்பட்டி வைக்கத் தெரியாது. பாக்கெட் வைக்கத் தெரியாது. வேலை மாறுவதற்கு இது பெரிய தடை. கம்பெனிக்குள்ளேயே அவள் கேட்டிருந்தால் வேறு மிஷினும் பழகியிருக்கலாம். இதுவரை யாரும் அவளுக்கு இதைச் சொல்லவில்லை.

அதற்காக வேலை மாறுவதே தவறு என்று எண்ண வேண்டாம். மல்லிகாவின் லைனில் இருந்த ஒரு பெண் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. சூப்பர்வைசர் தகாத பேச்சுப் பேசினார். புகார் கொடுத்தும் பயன் இல்லை. அவள் பக்கத்துக் கம்பெனிக்குப் போனாள். அங்கும் பி.எப். உண்டு, ஈ.எஸ்.ஐ. உண்டு. பழைய யு.ஏ.என். எண்ணையே கொடுத்தாள். அவளுக்கு அதுதான் சரி. எட்டு மாதக்காரியின் கணக்கு வேறு. நாலே முக்கால் வருடக்காரியின் கணக்கு வேறு.

ஒரு தாள் வந்தது

அக்டோபர் மாதம் ஒரு நாள் சூப்பர்வைசர் ஏழெட்டுப் பெண்களைக் கூப்பிட்டார். எல்லோரும் நான்கு வருடம் தாண்டியவர்கள். ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார். கன்னடத்தில் அச்சடித்திருந்தது. கீழே கையெழுத்துப் போட இடம்.

"ஆர்டர் இல்லம்மா. இதுல கையெழுத்துப் போடுங்க. பி.எப். பணம் கைக்கு வரும். ஒரு மாசம் கழிச்சுப் புதுசாச் சேர்ந்துக்கலாம்."

இரண்டு பெண்கள் உடனே போட்டார்கள். பி.எப். பணம் வருமே என்ற எண்ணம். மல்லிகா பேனாவைக் கையில் வாங்கினாள். பிறகு கீழே வைத்தாள்.

"எனக்குக் கன்னடம் படிக்க வராது சார். வீட்டுல காட்டிட்டு நாளைக்குத் தரேன்."

"இதுல என்ன படிக்க இருக்கு? எல்லாரும் போடறாங்க இல்ல?"

"நாளைக்குத் தரேன் சார்."

சரோஜாக்கா தாளைப் படித்தார். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். "என் சொந்தக் காரணத்தால், என் விருப்பப்படி நானே வேலையை விடுகிறேன். கம்பெனி எனக்கு எந்தப் பாக்கியும் தர வேண்டியதில்லை."

இது ராஜினாமாக் கடிதம். கையெழுத்துப் போட்டால் பழைய வருடங்கள் போச்சு. மறுபடி சேர்ந்தால் முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். 37,500 ரூபாய்க்காக இன்னும் ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும்.

கம்பெனிக்கு உண்மையாகவே ஆள் வேண்டாம் என்றால்? அப்போது கம்பெனிதான் அனுப்ப வேண்டும். ஒரு வருடம் வேலை செய்தவரை ஆட்குறைப்பு செய்வதானால் ஒரு மாதம் முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும். அல்லது ஒரு மாதச் சம்பளம் தர வேண்டும். வருடத்துக்கு 15 நாள் சம்பளம் இழப்பீடாகவும் தர வேண்டும். 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தில் இது இருந்தது. அதன் இடத்துக்கு வந்துள்ள தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. நாமே விலகினால் இந்த இழப்பீடு கிடையாது. அந்தத் தாளில் "நானே" என்ற ஒரு சொல்தான் அத்தனை பணத்தையும் தின்றது.

மல்லிகா கையெழுத்துப் போடவில்லை. மற்ற நான்கு பெண்களும் போடவில்லை. சூப்பர்வைசருக்குக் கோபம். மல்லிகாவைக் காலரிலிருந்து எடுத்துக் கைப்பட்டி மிஷினில் போட்டார். முதல் இரண்டு வாரம் கணக்கு வரவில்லை. தினமும் திட்டு. ஒரு நாள் கழிவறையில் போய் அழுதாள். மூன்றாம் வாரம் கை பழகியது. கோபத்தில் கொடுத்த வேலைதான். ஆனால் இப்போது அவளுக்கு இரண்டு மிஷின் தெரியும்.

பிறகு

நவம்பரில் தேவியின் யூனிட்டில் 11 நாள்தான் வேலை இருந்தது. 11 நாள் கூலிதான் வந்தது. மல்லிகா அவளுக்கு அரிசி கொடுத்து உதவினாள். "நல்லவேளை வரலேக்கா" என்றாள் தேவி. அவளுக்கு மூன்று வருடமாக அந்த யூனிட்தான். எங்கும் அவள் பெயரில் ஒரு கணக்கும் இல்லை.

மல்லிகாவின் வீட்டிலும் எளிதாக இல்லை. குழுத் தவணைக்காக முருகேசன் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போனார். தீபாவளிக்குக் கவிதாவுக்கு மட்டும் துணி எடுத்தார்கள்.

2026 ஜனவரி 10-ஆம் தேதி மல்லிகாவுக்கு ஐந்து வருடம் முடிந்தது. அன்று கம்பெனியில் வழக்கம் போலத்தான் வேலை நடந்தது. பிப்ரவரியில் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் வேறொரு கம்பெனியில் ஆள் எடுத்தார்கள். காலரும் கைப்பட்டியும் தெரிந்த டெய்லருக்கு மாதம் 700 ரூபாய் அதிகம். பி.எப். உண்டு. ஈ.எஸ்.ஐ. உண்டு. பஸ் செலவும் மிச்சம். இந்த முறை அவளுக்குத் தூக்கம் போகவில்லை.

அவள் முதலில் தமிழில் எழுதினாள். எந்தத் தேதி சேர்ந்தாள், எந்தத் தேதி விலகுகிறாள், பணிக்கொடை எவ்வளவு வர வேண்டும் என்று எழுதினாள். சரோஜாக்காவின் மகள் அதைக் கன்னடத்தில் எழுதிக் கொடுத்தாள். மல்லிகா இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போனாள். ஒன்றை அலுவலகத்தில் கொடுத்தாள். மற்றொன்றில் "பெற்றுக்கொண்டோம்" என்று முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டாள். 30 நாளுக்குள் பணிக்கொடை தர வேண்டும். 26-ஆம் நாள் 37,500 ரூபாய் அவள் வங்கிக் கணக்கில் வந்தது. குழுக் கடன் பாக்கி முழுவதையும் கட்டினாள்.

கணக்குப் போடுங்கள்

ஒரு பெண் ஒரு கம்பெனியில் 7 வருடம் வேலை செய்தாள். மாதச் சம்பளம் 10,400 ரூபாய். அவளுக்குப் பணிக்கொடை எவ்வளவு?

உங்கள் சம்பளச் சீட்டைக் கொண்டு வாருங்கள். பி.எப். எவ்வளவு, ஈ.எஸ்.ஐ. எவ்வளவு என்று கண்டுபிடியுங்கள். சீட்டே தருவதில்லை என்றால், நீங்கள் சேர்ந்த தேதியை நோட்டில் எழுதி வையுங்கள்.

கூடிப் பேசுங்கள்

முருகேசன் கேட்ட கேள்வியில் நியாயம் உண்டா? அந்த மாதம் மல்லிகாவின் வீட்டில் வாடகை கட்டவே வழி இல்லை என்றால் அவள் என்ன செய்திருக்கலாம்?

தேவி இப்போது என்ன செய்யலாம்?

கையெழுத்துப் போட்ட இரண்டு பெண்களும் உங்கள் தெருவில் இருந்தால் அவர்களுக்கு என்ன சொல்வீர்கள்?